ஊர்சுத்தி பார்த்திராத ஊர்

சலவைக்கூடத்தில் அவளுக்கு ஊர்சுத்தி என்று பெயர். வீடு விட்டால் சலவைக்கூடம், சலவைக்கூடம் விட்டால் வீடு, நடுவில் ஒரு காய்கறிக் கடை. இதைத் தாண்டி அவள் எங்கேயும் சுற்றியதில்லை என்பது கூடத்தில் யாருக்கும் தெரியாது. அவளுடைய கணவருக்குத் தெரியும். ஆனால் அவருக்கு இந்தப் பட்டப்பெயர் தெரியாது. இப்படி ஆளுக்குப் பாதி தெரிந்ததால்தான் அவள் பிழைப்பு இத்தனை வருஷம் ஓடியது.

ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் கூடம் அது. முன்னால் ஆள் உயரத்துக்கு இயந்திரங்கள், அடுத்து உலர்த்தும் அறை, கடைசியில் மடிக்கும் அறை. பெரிய விரிப்பை ஒருத்தி தனியாக மடித்தால் அது மடிப்பாக இருக்காது, சுருட்டலாகத்தான் இருக்கும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, நடந்து வந்து சேர்த்து, விலகி, மறுபடி வந்து சேர்க்க வேண்டும். விலகி நிற்கும்போது இயந்திர இரைச்சலில் ஒன்றும் காதில் விழாது. முகத்துக்கு முகம் வரும்போதுதான் பேச முடியும். அதனால் அந்த அறையில் எந்தக் கதையும் தவணை முறையில்தான் நடக்கும். கதாநாயகி கிணற்றில் குதித்தாளா இல்லையா என்பது அடுத்த மடிப்பில்தான் தெரியும்.

ஊர்சுத்திக்கு எதிர்முனை பிடிப்பவள் அவளைவிட மூத்தவள். எதைச் சொன்னாலும் ஒரு புருவம் மேலே போகும். வெளுத்து வந்த விரிப்பைக்கூட ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் கையில் எடுப்பாள். அவள் காதில் விழாதபோது எல்லாரும் அவளைச் சந்தேகம் என்றே சொன்னார்கள். மூன்றாவதாக ஒருத்தி தலையணை உறைகளை அடுக்குவாள். அவள் சேர்ந்து வருஷங்கள் ஆகியும் அவளுக்குப் பிறகு யாரையும் வேலைக்கு எடுக்காததால் இன்னும் புதுசு என்றே கூப்பிட்டார்கள். அவளும் என்ன என்று கேட்டுக்கொண்டு வருவாள்.

பொய் எப்படித் தொடங்கியது என்று கேட்டால், ஊர்சுத்தி மேல் முழுப் பழியும் போட முடியாது. அவளுடைய கணவர் சுற்றுலாப் பேருந்து ஓட்டுபவர். குளிர்காலம் வந்துவிட்டால் ஆட்களை ஏற்றிக்கொண்டு பெரிய நகரத்துக்குப் போவதும் வருவதுமாக இருப்பார். திரும்பி வந்ததும் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு கதை சொல்வார். அந்த ஊரில் ஒரு பெரிய கடிகாரம் இடது பக்கமாக ஓடும் என்பார். அருங்காட்சியகத்தில் ராஜாக்களுக்கு மூக்கு ஒட்டுகிறார்கள் என்பார். ஒரு கடையில் வறுத்த மீன் தருவார்கள், முள்ளைக்கூடக் கீழே போட மனசு வராது என்பார். கேட்டதை அவள் மறுநாள் மடிக்கும் அறையில் ஒரு மடிப்புக்கு ஒரு வரியாக எடுத்துவிடுவாள்.

ஒருநாள் கடிகாரக் கதையின் நடுவில் புதுசு, "நீங்களும் கூடப் போயிருந்தீங்களாக்கா?" என்று கேட்டாள். அந்த நேரம் பார்த்து விரிப்பு விலகவேண்டியதாகிவிட்டது. இரைச்சலில் இல்லை என்று கத்துவதைவிட ஆமாம் என்று தலையாட்டுவது சுலபமாக இருந்தது. அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த குளிர்காலத்தில், காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்த இரண்டு நாளில், கதைப்படி அவள் இரண்டாவது தடவை போய் வந்துவிட்டாள். அதற்கடுத்த குளிர்காலத்தில், கேட்காமலே, மூன்றாவது தடவையும் போய் வந்தாள்.

உண்மையில் போகத்தான் அவளுக்கு ஆசை. ஆனால் குளிர்காலத்தில்தான் ஹோட்டல்கள் நிரம்பும், விரிப்புகள் குவியும், விடுப்பு என்ற பேச்சை எடுக்க முடியாது. பேருந்திலும் எல்லா இருக்கையும் விற்றுவிடும். கணவரும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார். அவர் அதைச் சொல்லும்போது ஈரத் துண்டால் காலைத் துடைப்பதிலேயே கண்ணாக இருப்பார்.

இந்த வருஷம் கூடத்தின் கொதிகலன் உயிரை விட்டது. புதிதாக ஒன்றைப் பொருத்தும் வரை வேலை இல்லை என்று மேலாளர் சொன்னார். நட்ட நடுக் குளிர்காலத்தில் விடுமுறை. மற்றவர்கள் போர்த்திக்கொண்டு தூங்கலாம் என்று நினைத்தபோது சந்தேகம் மட்டும் மெதுவாக வாயைத் திறந்தாள்.

"நம்ம மூணு பேரும் அந்தப் பெரிய ஊருக்குப் போயிட்டு வரலாமே. வழிகாட்டத்தான் ஆள் இருக்கே."

புதுசு கையைத் தட்டினாள். மாட்டிக்கொண்டால் ஊர் ஒன்றும் ஊர்சுத்தியைத் தூக்கில் போடப்போவதில்லைதான். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு விரிப்புக்கும், ஒவ்வொரு மடிப்புக்கும், அந்தப் புருவத்துக்கு எதிரே போய் நிற்க வேண்டும். பணி ஓய்வு வரைக்கும் அந்தப் புருவம் கீழே இறங்காது. அதை நினைத்தபோது கொதிகலனுக்குப் பதில் தானே வெடித்திருக்கலாம் என்று தோன்றியது.

கணவர் அப்போது வேறு வழித்தடத்துக்கு, மலைப்பக்கம், கிளம்பிக்கொண்டிருந்தார். அவள் விஷயத்தைப் பாதியாக வெட்டிச் சொன்னாள். "வேலை பாக்குறவங்கல்லாம் சேர்ந்து போறோம். எங்க எங்க போகணும்னு சொல்லுங்க."

அவர் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே சுற்றியாகிவிட்டது, இருந்தாலும் சுற்றினார்.

"எங்க போனாலும் பெரிய வண்டிங்க நிக்கிற எடம் எதுன்னு கேளு. அங்கருந்து எல்லாம் பக்கம்தான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். குளிருக்கு ரெண்டு ஸ்வெட்டரா எடுத்துக்க."

காலை ரயிலில் போய் இறங்கினார்கள். நகரம் பனியில் பாதிதான் தெரிந்தது. கட்டடங்களுக்கு இடுப்பு வரை இருந்தது, தலை இல்லை. நடைபாதையில் போகிறவர்கள் எல்லார் வாயிலிருந்தும் புகை வந்தது. புதுசு வாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துக்கொண்டாள்.

சந்தேகம் நேரத்தை வீணாக்கவில்லை. "ரயில்ல வந்தது ஒரு மாதிரி இருக்கு. மொதல்ல பாத்ரூம் எங்கன்னு காட்டு. மூணு தடவ வந்தவளுக்குத் தெரியாமயா போயிடும்."

அது அவள் விரித்த வலை. ஆனால் பாவம், பேருந்து ஓட்டுபவரின் மனைவியிடம் போய் அதை விரித்துவிட்டாள். ஓட்டுநர்களுக்கு உலகத்தில் வேறு எது தெரியாவிட்டாலும் இது தெரியும். எந்த ஊரில் எந்த இடத்தில் தண்ணீர் வரும், எங்கே தாழ்ப்பாள் உண்டு என்பதெல்லாம் ஊர்சுத்தி கணவர் வாயால் கேட்டுக் கேட்டுச் சலித்த சங்கதி. பழைய அஞ்சலகத்துக்குப் பக்கத்துச் சந்தில், நீலக் கதவு என்று விடுவிடுவென்று கூட்டிப்போனாள். வெந்நீர்கூட வந்தது. சந்தேகம் வெளியே வந்தபோது அவள் முகத்தில் முதல்முறையாக மரியாதை தெரிந்தது. அந்நிய ஊரில் சுத்தமான கழிப்பறையைக் கண்ணை மூடிக்கொண்டு காட்டுகிறவளை நம்பாமல் வேறு யாரை நம்புவது.

இந்தத் தெம்பில் ஊர்சுத்தி கடிகாரத்தைப் பார்க்க அழைத்துப்போனாள். அங்கேதான் வசமாக மாட்டினாள்.

அதற்குள் பனி விலகியிருந்தது. பெரிய சதுக்கம். நடுவில் ஒரு பழைய கட்டடம், அதன் உச்சியில் கூரைக்கு மேல் ஒரு திறந்த வளைவு. வளைவுக்குள் பால் நிறக் கண்ணாடியில் வண்டிச் சக்கரம் அளவுக்குக் கடிகாரம். சுற்றிலும் ஆட்கள் அண்ணாந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூவரும் அண்ணாந்தார்கள். பெரிய முள் ஒரு துள்ளு துள்ளியது. உலகத்தில் எல்லாக் கடிகாரமும் எந்தப் பக்கம் துள்ளுமோ அந்தப் பக்கம்தான் துள்ளியது.

சந்தேகம் கடிகாரத்தைப் பார்த்தாள். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு ஊர்சுத்தியைப் பார்த்தாள். புருவம் கிளம்பியது.

"எடப்பக்கமா ஓடும்னு சொன்னியே."

ஊர்சுத்திக்குக் கணவர் மேல் சுர்ரென்று கோபம் வந்தது. வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் அளந்திருக்கிறார். ஆனால் வாய் அவளைக் கேட்காமல் பேசியது.

"இது முன்பக்கம்க்கா. முன்பக்கம்னா எல்லாரும் பாக்குறதுதான். வாங்க."

எங்கே வரச் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியாது. டீ விற்கிறவரிடம் போய் மெதுவாக, "இங்க பெரிய வண்டிங்கல்லாம் எங்கண்ணே நிக்கும்?" என்று கேட்டாள். அவர் கட்டடத்துக்குப் பின்னால் கையைக் காட்டினார். ஒரு சந்து, பிறகு குப்பைத் தொட்டிகள், பிறகு ஒரு மதில். மதிலைத் தாண்டியதும் எண்ணெய் சிந்திய பெரிய திடல், அதில் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக நின்றன. அவள் பயந்துகொண்டே திரும்பி அண்ணாந்தாள்.

வளைவுக்குள் அதே கடிகாரம் பின்பக்கமிருந்து தெரிந்தது. கண்ணாடி வழியாக எண்கள் எல்லாம் திரும்பியிருந்தன. முள்ளின் நிழல் ஒரு துள்ளு துள்ளியது. இடது பக்கமாக.

புதுசு "ஐயோ, ஆமாக்கா" என்று சொல்லிவிட்டு அது இன்னும் இரண்டு தடவை துள்ளும் வரை நகர மாட்டேன் என்று நின்றாள். சந்தேகத்தின் புருவம் பாதி வழியில் நின்றுபோனது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஊர்சுத்தி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு வேறொன்று உறைத்தது. இந்தத் திடலில்தான் அவர் வண்டியை நிறுத்தியிருக்கிறார். மூட்டை முடிச்சுகளைப் போட்டுவிட்டு ஆட்கள் இறங்கிப் போய்விடுவார்கள், வண்டி கண்ணில் படாத தூரத்துக்கு அவர் போக முடியாது. இத்தனை வருஷமாக அவர் பார்த்த நகரம் இந்த ஓட்டுநர் இருக்கைக் கண்ணாடியில் தெரிந்த அளவுதான். முன்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாதோ என்னவோ. கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. அந்த இடத்தில் ஏதோ ஒரு வலி வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆனாலும் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. இனி அவளை அசைக்க முடியாது. அருங்காட்சியகத்தில் மற்றவர்கள் நுழைவாயிலில் வரிசையில் நின்றபோது அவள் நேராகப் பெரிய வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போய், கம்பி வேலி வழியாக எட்டிப் பார்க்கச் சொன்னாள். பின்முற்றத்தில் உடைந்த சிலைகள் கிடந்தன. தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் ஒரு கல் ராஜாவுக்கு மூக்கு ஒட்டிக்கொண்டிருந்தார். குளிரில் பசை பிடிக்காமல் மூக்கு நழுவிக்கொண்டே இருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்து, "சும்மாதான நிக்கிறீங்க, யாராவது ஒருத்தர் வந்து பிடிங்களேன்" என்றார். புதுசு உள்ளே போய், பசை காயும் வரை ஒரு மகாராஜாவின் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரிசையில் நின்று உள்ளே போனவர்களுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

அன்றைக்குத் தங்கிய விடுதியில் சந்தேகம் படுக்கை விரிப்பை மோந்து பார்த்தாள். சுத்தம்தான். ஆனால் மடிப்பு சரியில்லை. மூவரும் எல்லா விரிப்பையும் உதறி, எதிரெதிரே நின்று ஒழுங்காக மடித்து, பிறகு அதையே மறுபடி விரித்துப் படுத்தார்கள். வேலை இல்லாத நாளிலும் இந்த மாதிரி ஆட்களுக்கு விமோசனம் கிடையாது.

மடிக்கும்போது, கிட்டே வந்த ஒரு நொடியில், சந்தேகம் கேட்டாள். "ஏண்டி, எல்லாத்தையும் நீ பின்னாடி இருந்தே காட்டுறியே. ஏன்?"

"முன்னாடி இருந்து பாக்கத்தான் படம் இருக்கேக்கா."

விரிப்பு விலகியது. சந்தேகம் அந்த முனையில் நின்றுகொண்டு யோசித்தாள். அவள் யோசிப்பது ஊர்சுத்திக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் ரயிலுக்கு முன்னால் மீன் கடை மட்டும் பாக்கி. அதையும் அவள் பேருந்துத் திடலை வைத்தே கண்டுபிடித்தாள். தகரக் கூரை, ஆவி படிந்த ஜன்னல், நீளப் பலகைகள். உள்ளே முழுக்க ஓட்டுநர்கள். யாரும் யாரிடமும் பேசாமல், நேரம் ஆகிவிட்ட மாதிரியே சாப்பிட்டார்கள். கடைக்கார அம்மா எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, மீனைத் திருப்பிப் போடும் கையை நிறுத்தாமலே வருகிறவர்களை வரவேற்றார். மீனும் சுட்ட ரொட்டியும் மிளகு தூக்கலான சூப்பும் வந்தன. மீன் மேலே மொறுமொறுவென்றும் உள்ளே வெண்ணெயாகவும் இருந்தது. சந்தேகம்கூட அதை மோந்து பார்க்க மறந்துவிட்டுச் சாப்பிட்டாள்.

"இங்க டிரைவருங்கதான் வருவாங்க" என்றார் கடைக்கார அம்மா. "உங்களுக்கு யாரு சொன்னா?"

ஊர்சுத்தி வாயில் இருந்ததை விழுங்குவதற்குள் புதுசு முந்திக்கொண்டாள். "அக்காவோட வீட்டுக்காரர் டிரைவருதாங்க. அக்கா அவருகூட நெறைய தடவ இங்க வந்திருக்காங்க."

"வந்திருக்காங்களா? நான் பார்த்ததே இல்லையே."

ரொட்டியைப் பிட்ட ஊர்சுத்தியின் கை அப்படியே நின்றது. சந்தேகம் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். அவசரப்படவில்லை. இந்த நொடிக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவள் எதற்கு அவசரப்பட வேண்டும்.

"எந்த வண்டி?" என்று கேட்டார் கடைக்கார அம்மா.

"பச்சை வண்டி. வெயில் அடிச்சாலும் மஃப்ளர் போட்டிருப்பாரு" என்றாள் புதுசு. அவளை யாராவது அந்த ராஜாவோடு சேர்த்து ஒட்டிவிட்டு வந்திருக்கலாம்.

கடைக்கார அம்மா முதல்முறையாகக் கரண்டியைக் கீழே வைத்தார். "மஃப்ளர் அண்ணன் வீட்ல நீங்கதானா?" என்று கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார். "ஒருவழியா எறங்கி வந்துட்டீங்களே."

ஊர்சுத்திக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஒவ்வொரு தடவையும் கேப்பேன், அண்ணியக் கூட்டிட்டு வரலையாண்ணே, ஊரு சுத்திக் காட்டலையாண்ணேன்னு. கூட்டிட்டுத்தாம்மா வந்திருக்கேன், கூட்டம்னா அவளுக்கு ஆகாது, பஸ்லயே உக்காந்திருக்கான்னு சொல்வாரு. சொல்லிட்டு, அவளுக்குன்னு ஒரு பார்சல் வாங்கிட்டுப் போவாரு. ரொட்டி கருகக் கூடாது, அவளுக்குப் பிடிக்காதும்பாரு. இத்தன வருஷத்துல ஒரு தடவ மறந்தது கெடையாது. நானும் ஜன்னல் வழியா எட்டி எட்டிப் பாப்பேன், உங்க மூஞ்சி தெரியுதான்னு."

சந்தேகம் மெதுவாகத் தலையை ஆட்டினாள். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்படிச் சொல்லு. அதான் எல்லாத்தையும் பின்னாடி இருந்தே காட்டுறியா. மூணு தடவ வந்துட்டு, எறங்காம பஸ்லயே உக்காந்திருந்தியாடி." பிறகு, அவளுக்கே பழக்கமில்லாத குரலில், "கூட்டம் ஆகாதுன்னா எங்ககிட்ட சொல்லக் கூடாதா, அந்தச் சதுக்கத்துல போய் உன்ன நிக்க வச்சனே" என்றாள்.

புருவம் இறங்கிவிட்டது. தப்பித்தாயிற்று. கையைத் தட்டிக் கொண்டாட வேண்டிய நேரம். ஊர்சுத்தியோ ரொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தான் ஒருத்திதான் புளுகி என்று அவள் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தாள். அங்கே ஒரு மனுஷன், பெண்டாட்டியைக் கூட்டிவர முடியவில்லை என்று ஒரு மீன் கடையில்கூடச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, காலி இருக்கைக்குப் பார்சல் வாங்கிப் போயிருக்கிறார். அவளுக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததால் புரை ஏறியது என்று எல்லாரும் நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

வெளியே போய்க் கணவரைப் போனில் கூப்பிட்டாள். மலைப்பக்கம் எங்கேயோ வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார் போல, உடனே எடுத்தார்.

"ஏங்க, பஸ்லயே உக்காந்து உக்காந்து காலு மரத்துப்போச்சு. கொஞ்சம் எறங்கட்டுமா?"

அந்தப் பக்கம் வண்டிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "மீன் கடைக்குப் போயிட்டியா" என்றார்.

"போயிட்டேன். எனக்குன்னு வாங்குன பார்சலெல்லாம் எங்க?"

"வீடு வர்ற வரைக்கும் தாங்காது, கெட்டுப்போயிடும். உன் பேரச் சொல்லி வாங்குனது. வேற யாருக்கும் குடுக்க மனசு வரல. நானே சாப்ட்டுடுவேன்."

"அதான் வருஷா வருஷம் சட்டை பத்த மாட்டேங்குதா."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, சிரித்தால் குரல் உடைந்துவிடும். போனை வைத்துவிட்டு, ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கடைக்கார அம்மா மறுபடி கரண்டியைப் பிடித்திருந்தார்.

"இன்னொரு பார்சல் கட்டுங்கம்மா" என்றாள் ஊர்சுத்தி. "ரொட்டி நல்லா கருகட்டும், அவருக்கு அப்படித்தான் பிடிக்கும். எங்க வீட்டுக்காரர் பஸ்ல உக்காந்திருக்காரு."

சந்தேகம் எழுந்துபோய், ஜன்னலில் படிந்திருந்த ஆவியைக் கையால் துடைத்து, வெளியே எட்டிப் பார்த்தாள்.